பகலில் வாய் திறவாதவள்

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கு வாய் இலையின் அடிப்பக்கம் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது, ஊசிமுனையை விடச் சின்னதாக, ஒரு இலைக்கு ஆயிரம் பத்தாயிரம் என்று. அப்போது அந்த வாய்கள் பேசும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பேச்சும் சாப்பாடும் அவர்களுக்கு ஒன்றாகவே இருந்தது. வாயைத் திறந்து பேசினால் காற்று உள்ளே போகும். அந்தக் காற்றையும் கொஞ்சம் தண்ணீரையும் இலைக்குள் சேர்த்து, வெயிலை அடுப்பாக்கி வேகவைத்தால் சோறு. அதனால் பொழுது விடிந்ததும் காடு மொத்தமும் பேச ஆரம்பித்துவிடும். பொழுது சாய்ந்து அடுப்பு அணைந்ததும் வாயை மூடிக்கொண்டு தூங்கிவிடும்.

பேச்சில் ஒரே ஒரு சேதாரம் உண்டு. திறந்த வாய் வழியாக இலையின் ஈரம் ஆவியாகப் போய்விடும். வெயிலில் நின்று நெடுநேரம் வம்பளந்தால் நமக்கு நாக்கு வறள்கிறதே, அது மாதிரி. தரையில் வேர் விட்டவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கீழே இருந்து ஒரு மிடறு உறிஞ்சிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம், அக்கரை கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய ஆற்றின் ஓரமாக இருந்த காட்டில், மடியாள் என்று ஒருத்தி இருந்தாள். நாம் அரிந்து உப்பு தொட்டுத் தின்கிறோமே அன்னாசி, அதற்கு இவள் அக்கா முறை. அதே போல வாள் வாளாக இலை, நடுவில் குவிந்த குருத்து. ஆனால் அவள் குடியிருந்தது தரையில் இல்லை. ஓர் இலவமரத்தின் மூன்றாவது கிளையில்.

தரையில் அவளுக்கு வெயில் எட்டவில்லை. வெயில் எட்டாவிட்டால் அடுப்பு எரியாது. ஒருநாள் இலவமரத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"இலவண்ணே, உன் கிளையில ஒரு ஓரமா உட்கார்ந்துக்கட்டுமா?"

இலவன் நிறைய பேசுகிறவன் இல்லை. "உட்காரு. ஆனா ஒண்ணு. பிடிச்சுக்கோ, குடிக்காதே. உன் வேரு என் தோலைத் தாண்டி ஒரு மயிரிழை உள்ளே வந்தாலும் உதறிக் கீழே தள்ளிடுவேன்."

"உன் சாறு யாருக்கு வேணும்? எனக்கு வானம் குடுக்கிறது போதும்."

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். வேரைக் கை மாதிரி கிளையைப் பிடிக்க மட்டும் வைத்துக்கொண்டாள். இலைகளின் அடியை ஒன்றோடொன்று இறுக்கி, நடுவில் கிண்ணம் போல ஒரு மடி கட்டினாள். பெய்கிற மழை அந்த மடியில் நிற்கும். இலையின் அடியில் மாவு தூவினாற்போல வெள்ளையாகப் பொடிச்செதில் முளைத்தது. அந்தச் செதில்தான் அவளுக்குத் தொண்டை. மடித் தண்ணீரை அதன் வழியாகக் குடிப்பாள். மடியாள் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

மேலே இருந்து பார்த்தால் காடே தெரியும். எந்தக் குரங்கு வழுக்கி விழுந்தது, யார் வீட்டில் பூ வைத்தது, யார் பழத்தை யார் திருடியது, எல்லாம் முதலில் அவளுக்குத்தான் தெரியும். அதை அவள் சொல்லுகிற தினுசே தனி. உச்சிப்பொழுதில் கீழே இருக்கிறவர்கள் எல்லாம், "மடியா, இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அவளும் சளைக்காமல் சொல்லுவாள். இலைகள் மினுமினுவென்று கொழுத்துக் கிடந்தன.

ஒரு மழைக்காலத்தில் சிவப்பாக ஒரு தவளை அவளிடம் ஏறி வந்தாள். கட்டைவிரல் நகம் பெரிசு இருப்பாள், அவ்வளவுதான். செவத்தாள் என்று பெயர். அவள் முதுகில் கறுப்பாகப் பொட்டு வைத்தது போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து ஏறி வர அவளுக்கு அரை நாள் ஆகியிருந்தது. பேச மூச்சு இல்லை.

"அக்கா, உங்க மடியில கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

"இடத்துக்கு என்ன பஞ்சம்? எத்தனை பேரு?"

"ஒருத்திதான்."

"ஒண்ணே ஒண்ணா! உங்க ஆளுங்க கொத்துக்கொத்தா பெறுவீங்களே."

"ஆறு இருந்துச்சு," என்றாள் செவத்தாள். "எறும்பு ரெண்டு. பாம்பு ஒண்ணு. மத்த ரெண்டும் குட்டை காஞ்சு போச்சு."

மடியாளுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. இலையைச் சற்று அகட்டிக் கொடுத்தாள். செவத்தாள் பின்பக்கமாக மெல்ல இறங்கி, முதுகை நீரில் நனைத்தாள். கறுப்புப் பொட்டு கழன்று நீந்தியது. வால் மட்டும் இருந்தது. கால் கை ஒன்றும் இல்லை.

"நாலு காலும் முளைக்கிற வரைக்கும் தண்ணி இருந்தா போதும் அக்கா. முளைச்சுட்டா அவளே ஏறி வெளியில வந்துடுவா. அதுக்கு முன்னாடி தண்ணி போச்சுன்னா..."

"போகாது. என் மடித்தண்ணி இன்னிவரைக்கும் வத்தினதில்ல. நீ போய்ட்டு வா."

அந்தப் பெண்குஞ்சுக்குப் பொட்டு என்றே பெயர் வைத்துவிட்டாள் மடியாள். செவத்தாள் மூன்று நாளுக்கு ஒருமுறை அரை நாள் ஏறி வருவாள். வந்து, குஞ்சு பொரியாத முட்டை ஒன்றைத் தன் வயிற்றிலிருந்து இட்டுக் கொடுப்பாள். அவள் கொடுக்கிற தாய்ப்பால் அதுதான். மற்ற நேரமெல்லாம் பொட்டுக்கு மடியாள்தான் துணை.

"பெரியம்மா, அந்தக் குரங்கு விழுந்த கதை சொல்லு."

"நேத்துதானே சொன்னேன்."

"நேத்து விழுந்தது நேத்து. இன்னிக்கு மறுபடி விழட்டும்."

மடியாளும் சொல்லுவாள். குரங்கு தினமும் விழும். பொட்டு தண்ணீரில் குப்புறப் புரண்டு சிரிக்கும். மடிக்குள் குறுகுறுவென்று ஏதோ ஓடுவது போல் இருக்கும். பிள்ளை சுமந்தவளுக்குத் தெரியும் அது என்ன மாதிரி என்று. மடியாளுக்கு அதுவரை தெரியாது.

பொட்டுக்குப் பின்கால் இரண்டும் முளைத்த வாரத்தில் மழை நின்றது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு மாதம் ஆயிற்று. ஆறு மணல் காட்டியது. காட்டின் பேச்சு மெல்ல மெல்ல இறங்கி, உச்சிப்பொழுதில் முனகலாகிவிட்டது. ஒருநாள் காலையில் இலவன் சொன்னான், "மடியா, நான் இலையைக் கழட்டிப் போடப் போறேன். வாய் இருந்தா பேசத் தோணும். பேசினா தண்ணி போகும். மழை வந்து தளிர் விட்டதும் பேசிக்கலாம். நீயும் வாயைக் கட்டிக்கோ." சொல்லிவிட்டு இரண்டே நாளில் எல்லா இலையையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக, ஊமையாக நின்றான். மடியாள் தலைக்கு மேல் இருந்த நிழலும் அதோடு போயிற்று.

மடியில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. செவத்தாள் ஏறி வந்து எட்டிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"மழை வர்ற வரைக்கும் பேசாம இருப்பீங்களா?"

"பேசாம இருந்தா நான் என்னத்தடி சாப்பிடறது? காத்து எப்படி உள்ளே வரும்?"

"பட்டினிதான் அக்கா. எனக்குத் தெரியும். ஆனா இன்னும் ரெண்டே ரெண்டு காலு."

மடியாள் கீழே பார்த்தாள். பொட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி. பேச மாட்டேன். இது சத்தியம்," என்றாள். அதோடு அத்தனை வாயையும் மூடிக்கொண்டாள்.

முதல் நாள் எப்படியோ போயிற்று. இரண்டாம் நாள் இலை நுனியெல்லாம் பழுத்தது. பசி என்றால் அப்படி ஒரு பசி. பொட்டு பேசும். மடியாள் இலையை மட்டும் ஒருமுறை ஆட்டி ஆமாம் என்பாள், இரண்டு முறை ஆட்டி இல்லை என்பாள். மூன்றாம் நாள் காலையில் பொட்டு கத்தியது, "பெரியம்மா, எண்ணிப் பாரு! ஒண்ணு, ரெண்டு, மூணு!" இடது முன்கால் வெளியே வந்துவிட்டிருந்தது. வலது முன்கால் தோலுக்கு அடியில் முட்டிக்கொண்டு நின்றது. நாளைக்கு வந்துவிடும். மடியாள் இலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள்.

அன்று உச்சிப்பொழுதில்தான் முறுக்கி வாயைத் திறந்தாள்.

முறுக்கி ஒரு பெருங்கொடி. தரையில் வேர், பக்கத்து மரத்தின் கீழ்க்கிளையில் தலை. எத்தனை வறட்சி வந்தாலும் அடிமண்ணில் அவளுக்கு ஒரு வாய் ஈரம் இருக்கும். வாயும் அதற்கேற்ற வாய்.

"என்னடி மடியா, மூணு நாளா மூச்சு பேச்சைக் காணோம்? தவளைக்கு ஆயா வேலைக்குப் போயிட்டியாம், சம்பளம் என்ன, ஈயா கொசுவா?"

கீழே நாலைந்து பேர் சிரித்தார்கள். மடியாள் பேசவில்லை.

"பேச மாட்டா. எப்படிப் பேசுவா? அந்த இலவனைப் பாருங்க, எலும்புக்கூடா நிக்கிறான். ஒரு இலை மிச்சமில்ல. இவ மடியில மட்டும் தண்ணி இருக்கு! வேரை உள்ளே விட்டு அவன் சாறை ராப்பகலா உறிஞ்சியிருக்கா, வேற என்ன? இடம் குடுத்தவனையே உறிஞ்சிட்டு இப்ப ஊமை வேஷம்."

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லா முகமும் மேலே திரும்பியது.

உண்மை தெரிந்தவன் இலவன் ஒருவன்தான். அவனுக்கு வாய் இல்லை. ஒரு மழை பெய்து ஒரு தளிர் விட்டால் போதும், அவனே சொல்லிவிடுவான். அதுவரை பொறுத்திருந்தால் போதும். மடியாளுக்கும் அது தெரியும். ஆனால், "அப்படியா செஞ்சா? சீ!" என்று கீழே ஒரு குரல் கேட்டதே, அதை அவளால் தாங்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டுக்குக் கை நீட்டாதவள். வாய் தானாகத் திறந்தது. ஒன்றிரண்டு இல்லை, அத்தனை இலையிலும் அத்தனை வாயும்.

"யாருடி உறிஞ்சினது? வாய் புளிச்சதோ மாங்காய் புளிச்சதோன்னு பேசாதே! ஏறி வா, வந்து என் வேரைத் தொட்டுப் பாரு!"

"வரத்தாண்டி போறேன்!" முறுக்கி ஒரு சுருளைக் கிளை கிளையாக மேலே அனுப்பினாள். கொடி ஏற நேரம் ஆகும். அதுவரை வாய் சும்மா இருக்குமா? ஒன்றுக்கு ஒன்பதாகப் போயிற்று. மடியாள் இலவனிடம் இடம் கேட்ட நாளிலிருந்து ஆரம்பித்தாள். அவன் சொன்னது, தான் சொன்னது, எந்த மழைக்கு எவ்வளவு தண்ணீர் பிடித்தது, எல்லாம். மூன்று நாள் பட்டினிக்குப் பிறகு காற்று உள்ளே போகப் போக வெறி பிடித்தாற்போல் இருந்தது. தலைக்கு நேரே வெயில். நிழல் என்று ஒன்று இல்லை. இலை காய்ந்தது. காய்ந்த இலை மடியிலிருந்து உறிஞ்சியது.

"பெரியம்மா," என்றது பொட்டு. "தண்ணி சுடுது."

"இருடி கண்ணு. ஒரே பேச்சு, முடிச்சுடறேன்."

முறுக்கி அதற்குள் இன்னொன்று சொன்னாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"பெரியம்மா, தண்ணி இறங்குது. முதுகு வெளியில தெரியுது."

"இருன்னு சொன்னேன்ல! இதோ வந்துட்டேன்."

அதற்குப் பிறகு பொட்டு கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்பதும் மடியாளுக்கு உறைக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் முறுக்கியின் சுருள் மூன்றாவது கிளைக்கு வந்து சேர்ந்தது. மடியாளின் வேர் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தது. எல்லாம் வெளியிலேயே, காய்ந்த கயிறு மாதிரி, கிளையைச் சுற்றிப் பிடித்திருந்தன. ஒன்றுகூடத் தோலைக் கீறவில்லை. முறுக்கிக்குக் குரல் இறங்கிவிட்டது. "இல்லதான். நான்தான் தப்பா சொல்லிட்டேன்," என்றாள். "அதானே பார்த்தோம், நம்ம மடியாளாவது..." என்று கீழே எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

"பார்த்தியா பொட்டு!" என்று மடியாள் திரும்பினாள்.

மடி காய்ந்து கிடந்தது.

அடி ஆழத்தில், இரண்டு இலைகள் சேருகிற இடுக்கில், கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. மை காய்ந்தாற்போல. மூன்று கால் வெளியே இருந்தது. நாலாவது தோலைக் கிழித்துக்கொண்டு பாதி வந்திருந்தது.

அந்தத் தண்ணீரை வெயில் குடிக்கவில்லை. முறுக்கியும் குடிக்கவில்லை. மடியாளுக்குத் தெரியும் யார் குடித்தது என்று.

செவத்தாள் கடைசி வெளிச்சத்தில் வந்து சேர்ந்தாள். அது தீனி கொடுக்கிற நாள். அவள் ஓடி வரவில்லை. எப்போதும் ஏறுகிற மாதிரிதான் ஏறி வந்து இலை விளிம்பில் உட்கார்ந்தாள்.

"தங்கச்சி..." என்றாள் மடியாள்.

"ஏறி வர்ற வழியெல்லாம் உங்க குரல் கேட்டுச்சு அக்கா," என்றாள் செவத்தாள். "மொத சத்தத்திலயே எனக்குத் தெரிஞ்சுது. இந்தக் காலுக்கு அதைவிட வேகமா வரத் தெரியல."

மடியாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"வேணாம் அக்கா. இன்னிக்கு நிறைய பேசிட்டீங்க."

செவத்தாள் மடிக்குள் இறங்கினாள். பின்பக்கமாக, மெதுவாக, அன்று இறக்கிவிட்ட அதே மாதிரி. காய்ந்த பொட்டை முதுகில் ஒட்டவைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. ஈரம் இருந்தால்தானே ஒட்டும். கடைசியில் வாயில் கவ்விக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

மறுநாள் விடிந்தபோது மடியாள் வாய் திறக்கவில்லை. முறுக்கி வந்து, "மடியா, கோபமா? நான்தான் மன்னிப்புக் கேட்டுட்டேனே," என்றாள். பதில் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. சாப்பிடாமல் இப்படியே காய்ந்து போகட்டும் என்றுதான் இருந்தாள்.

ஆனால் அழுகைக்கும் ஒரு வாய் வேண்டியிருக்கிறதே. பகலில் திறக்க மாட்டாள். காடு தூங்கிய பிறகு, யாரும் கேட்காத நேரத்தில், அத்தனை வாயையும் திறந்து அழுதாள். இரவில் வெயில் இல்லை. அதனால் ஈரம் போகவில்லை. விம்மி விம்மி இழுத்த மூச்சோடு காற்று உள்ளே போயிற்று. வேகவைக்க அடுப்பு இல்லை. போன காற்று இலைக்குள்ளேயே தங்கி, முந்தின ராத்திரி அரைத்து வைத்த மாவு பொழுது விடிவதற்குள் பொங்கிப் புளிக்குமே, அது போலப் புளித்தது. விடியும்போது இலை மொத்தமும் புளிப்பு. அவள் வாயை மூடிக்கொண்டாள். வெயில் ஏறியது. மூடிய கதவுக்குள் அந்தப் புளிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெந்து சோறாயிற்று.

வயிறு நிறைகிற சோறில்லை அது. உயிர் போகாமல் வைத்திருக்கிற சோறு. சாக நினைத்தவள் சாகவும் இல்லை. பழைய மினுமினுப்பு மட்டும் திரும்ப வரவில்லை. ஓர் இலை விட ஒரு பருவம் பிடித்தது.

பிறகு மழை வந்தது. இலவனுக்கு உச்சியில் ஒரு தளிர் விட்டது. அந்த ஒற்றைத் தளிரை வைத்துக்கொண்டு அவன் முதல் பேச்சாக, ஊமையாய் நின்ற நாளெல்லாம் தேக்கி வைத்திருந்ததைக் காட்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்: "அவ என்கிட்ட ஒரு சொட்டும் குடிக்கல!"

"அதான் எங்களுக்கு அப்பவே தெரியுமே," என்றது காடு. அவள் மடியில் தண்ணீர் தளும்பி நின்றது. உள்ளே எதுவும் ஓடவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், நட்ட நடுப்பகலில், இலை விளிம்பில் சிவப்பாக ஒன்று வந்து உட்கார்ந்தது. செவத்தாள்தான். இளைத்திருந்தாள். முதுகில் கறுப்பாக ஒரு பொட்டு.

"எல்லா இடமும் பார்த்துட்டேன் அக்கா. குட்டையில பாம்பு. ஓடையில மீனு. வேற போக்கிடம் இல்ல," என்றாள். பிறகு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "சௌக்கியமா இருக்கீங்களா?"

மடியாள் பேசவில்லை.

"முறுக்கி கீழே உங்களைப் பத்தி என்னென்னவோ சொல்றா. கர்வம் பிடிச்சவளாம். ஒரு வருஷமா யாரையும் மதிக்கிறதில்லையாம்."

வெயில் சுள்ளென்று அடித்தது. அத்தனை இலையிலும் ஒரு வாய் திறக்கவில்லை.

"என்கிட்டகூட ஒரு வார்த்தை பேச மாட்டீங்களா? மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை?"

அந்த ஒரு வார்த்தை மடியாளின் எல்லா இலையிலும் வந்து முட்டிக்கொண்டு நின்றது, தோலுக்கு அடியில் முட்டிக்கொண்டு நின்ற அந்தக் கால் மாதிரி. அவள் திறக்கவில்லை. இலை நுனி மட்டும் நடுங்கியது. மடித் தண்ணீர் அசையாமல் நின்றது.

செவத்தாள் வெகுநேரம் காத்திருந்தாள். வெயில் உச்சி தாண்டியது. தண்ணீர் ஒரு நூல்கூட இறங்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு, பின்பக்கமாக மெல்ல மடிக்குள் இறங்கி, முதுகை நனைத்தாள்.

அன்று முதல்தான் அன்னாசியின் அக்காமார்கள் பகலெல்லாம் இலையின் வாயை இறுக மூடிக்கொண்டு, ஊர் தூங்கிய பிறகே மூச்சு விடுகிறார்கள். விடிகாலையில் அந்த இலையைக் கிள்ளி மென்றால் புளிக்கும், பொழுது சாயும்போது மென்றால் சப்பென்று இருக்கும், மடியில் மட்டும் எந்நேரமும் ஒரு தவளைக்குஞ்சுக்குப் போதுமான தண்ணீர் நிற்கும்.